சண்டையே வேணாம்னு ஒதுங்கி நின்ன நாடு எப்படி உள்ள போய் மாட்டுது?

போன வாரம் என் பொண்ணு ஸ்கூல் ஹிஸ்ட்ரி ஒர்க்‌ஷீட்ட எடுத்துக்கிட்டு வந்து உக்காந்தா, செக்கண்டரி த்ரீ படிக்கிறா. முதல் உலகப்போர்ல அமெரிக்கா நடுநிலைய எப்போ விட்டுச்சு, ஏன் விட்டுச்சுன்னு கேள்வி. 1917 ஏப்ரல் 6னு ஒரே வரில எழுதிட்டு பேனாவ மூடிட்டா. தேதி சரிதான், அன்னைக்குதான் அமெரிக்கா ஜெர்மனி மேல போர் அறிவிச்சுது. ஆனா மூடின பேனாவோடயே கேட்டா, "ஏன்பா, நாங்க யார் பக்கமும் இல்லன்னு சொன்னதுக்கப்புறம் அவங்கள யாரு உள்ள இழுக்க முடியும்?"

ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அத பத்திதான் பேசிட்டு இருந்தோம். நாம இருக்கற சிங்கப்பூர் அப்படி. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல உக்காந்தா கண்ணுக்கெட்டின தூரம் கப்பல், 2024ல மட்டும் இருபதடி கண்டெய்னர் கணக்குல 4 கோடிக்கு மேல நம்ம துறைமுகம் வழியா போயிருக்கு. உலகத்துல யாரு யார்கூட சண்ட போட்டாலும் அவங்க சரக்கு நம்ம வாசல் வழியாதான் போகுது, அதனால இந்த கேள்வி நமக்கு வெறும் ஹிஸ்ட்ரி கேள்வி இல்லன்னு நான் நெனைக்கிறேன்.

முதல்ல நடுநிலைன்னா என்னன்னு பாப்போம். நான் யார் பக்கமும் இல்லன்னு அறிக்கை விட்டுட்டு வீட்டுல உக்காந்துக்கறது இல்ல அது. அதுக்கு சட்டமே இருக்கு, 1907ல ஹேக் நகரத்துல பல நாடுங்க சேந்து எழுதினது. நடுநிலை நாட்டு மண்ணு வழியா சண்ட போடறவன் படைய கூட்டிட்டு போகக்கூடாது. போர்க்கப்பல் வந்து நின்னா பொதுவா 24 மணி நேரம்தான், அதுக்குள்ள கெளம்பணும், கெளம்பலன்னா அந்த கப்பல புடிச்சு முடக்கி வைக்கணும். இத செய்ய வேண்டியது யாரு? நடுநிலை நாடுதான். அதாவது ஒதுங்கி நிக்கறதுக்கே பலம் வேணும், வாசல்ல வந்து நிக்கறவன போடான்னு சொல்ற பலம். அது மட்டும் பத்தாது, சண்ட போடற ரெண்டு பேரும் நீ நடுநிலைன்னு ஒத்துக்கணும். ஒருத்தன் ஒத்துக்கலன்னாலும் போச்சு.

பெல்ஜியத்துக்கு அதான் நடந்துச்சு. 1839ல பெரிய நாடுங்க எல்லாம் கையெழுத்து போட்டு பெல்ஜியம் நடுநிலைன்னு உத்தரவாதம் குடுத்தாங்க, 1914 ஆகஸ்ட்ல ஜெர்மனிக்கு பிரான்ஸ அடிக்க பெல்ஜியம் வழி சுலபமா இருந்துச்சு, வழி விடுன்னு கேட்டாங்க, முடியாதுன்னாங்க, ஆகஸ்ட் 4ல உள்ள புகுந்துட்டாங்க. பெல்ஜியம் ஒரு தப்பும் பண்ணல, அது இருந்த இடம்தான் தப்பு.

இதவிட எனக்கு மனச போட்டு உறுத்தற கதை துருக்கியோடது, ஏன்னா அதோட கடைசி நுனி நம்ம சிங்கப்பூர்ல வந்து முடியுது.

1914ல ஒட்டோமான் சாம்ராஜ்யம், அதான் அப்போதைய துருக்கி, ரெண்டு பெரிய போர்க்கப்பல் பிரிட்டன்ல கட்ட சொல்லி காசு குடுத்திருந்துச்சு. அந்த காசுல நிறைய ஜனங்க கையில இருந்து வசூல் பண்ணது. போர் வெடிக்கற நேரத்துல அந்த ரெண்டையும் பிரிட்டன் தனக்கு வேணும்னு எடுத்துக்கிச்சு. ஊரே கொதிச்சு போச்சு. அதே நேரம் மத்தியதரைக் கடல்ல கோபன், பிரெஸ்லாவ்னு ரெண்டு ஜெர்மன் கப்பல பிரிட்டிஷ் கடற்படை துரத்துது, அதுங்க ஓடி வந்து ஆகஸ்ட் 10ல துருக்கியோட டார்டனெல்ஸ் ஜலசந்திக்குள்ள நுழைஞ்சிடுச்சு. துருக்கி அப்ப நடுநிலைன்னு சொல்லியிருந்த நாடு, சட்டப்படி 24 மணி நேரத்துல வெளிய அனுப்பணும் இல்ல முடக்கணும். ரெண்டும் நடக்கல. இந்த கப்பல நாங்க வாங்கிட்டோம்னு துருக்கி அறிவிச்சுது! பேர மாத்துனாங்க, கொடிய மாத்துனாங்க, ஆனா உள்ள இருந்தது அதே ஜெர்மன் மாலுமிங்க, தலைல துருக்கி குல்லா மட்டும் புதுசு. அந்த ஜெர்மன் அட்மிரலையே துருக்கி கடற்படைக்கு தலைவர் ஆக்கிட்டாங்க. அக்டோபர் 29ல அவரு கருங்கடலுக்குள்ள போய் ரஷ்யாவோட துறைமுகங்கள குண்டு போட்டு அடிச்சாரு. சில நாள்லயே ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் எல்லாரும் துருக்கி மேல போர் அறிவிச்சாச்சு. அடிச்சது ஜெர்மன்காரன், பறந்தது துருக்கி கொடி.

துருக்கி ஒண்ணுமே தெரியாம மாட்டிக்கிச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆகஸ்ட் 2லயே ஜெர்மனியோட ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தாங்க, போர் மந்திரி என்வர் பாஷாவுக்கு போருக்கு போகணும்னே ஆசை. ஆனா மந்திரிசபைல வேணாம்னு சொன்னவங்களும் இருந்தாங்க, சில பேரு ராஜினாமாவே பண்ணாங்க. அவங்க சண்டைக்கு சரின்னே சொல்லல, ஆனா சண்ட ஆரம்பிச்சிடுச்சு. இத பொண்ணுகிட்ட நல்லா அழுத்தி சொன்னேன், ஒரு நாட்டுக்குள்ளயே கொஞ்ச பேரு கதவ தொறந்து விட்டா மிச்ச பேரு பூட்ட முடியாது.

இப்ப சிங்கப்பூருக்கு வாங்க. துருக்கி சுல்தான் அப்போ முஸ்லிம் உலகத்துக்கே கலீஃபா, நவம்பர்ல புனிதப்போர் அறிவிப்பு வந்துச்சு. இங்க அலெக்ஸாண்ட்ரா பேரக்ஸ்ங்கற ராணுவ முகாம்ல இருந்தது ஐந்தாவது லைட் இன்ஃபன்ட்ரி, பிரிட்டன் படைக்காக இந்தியால இருந்து வந்த முஸ்லிம் சிப்பாய்ங்க. அவங்கள ஹாங்காங்குக்கு அனுப்பறதா இருந்துச்சு, ஆனா நம்மள துருக்கிக்கு எதிரா சண்ட போட கூட்டிட்டு போறாங்கன்னு பேச்சு பரவுது. பட்டாளத்துக்குள்ள வேற புகைச்சலும் இருந்துச்சு. 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நேரம், சிப்பாய்ங்க கிளர்ச்சி பண்ணிட்டாங்க. டங்லின்ல ஜெர்மன் கைதிங்கள அடைச்சு வச்சிருந்தாங்க, அங்க போய் கதவ தொறந்து விட்டாங்க. அந்த கைதிங்கள்ல எம்டன் கப்பல்ல வேலை பாத்தவங்களும் இருந்தாங்க, 1914 செப்டம்பர்ல சென்னைய குண்டு போட்ட அதே எம்டன், எங்க பாட்டி அடங்காத ஆள பாத்தா "சரியான எம்டன்"னு சொல்லும், பாதி பேருக்கு அது கப்பல் பேருன்னே தெரியாது. கிளர்ச்சிய அடக்கினதுக்கு அப்புறம் 47 சிப்பாய்ங்கள ஊட்ரம் சிறை சுவர் பக்கத்துல ஜனங்க பாக்கற மாதிரி நிக்க வச்சு சுட்டாங்க. ஊட்ரம் பார்க் எம்ஆர்டில எறங்கி நடக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். கருங்கடல்ல எவனோ போட்ட குண்டு, எங்கயோ ஒரு கிராமத்துல பொறந்த பசங்க ஊட்ரம்ல சாகறாங்க.

சரி, அமெரிக்காவுக்கு வரேன், பொண்ணோட கேள்வியே அதான. பெல்ஜியம் மாதிரி அது வழில இல்ல, நடுவுல அட்லாண்டிக் கடலே இருக்கு. 1914 ஆகஸ்ட்ல பிரெசிடண்ட் உட்ரோ வில்சன் நாம மனசளவுல கூட நடுநிலையா இருக்கணும்னு ஜனங்ககிட்ட கேட்டுக்கிட்டாரு, நெஜமாவே அவரு அப்படி நெனச்சாருன்னுதான் நான் நம்பறேன். அப்புறம் எப்படி?

இத புரிஞ்சுக்க நம்ம புளோக்குக்கு கீழ இருக்கற மாமாக் கடைய நெனச்சுக்குங்க. மூணாவது மாடி குடும்பத்துக்கும் ஒம்பதாவது மாடி குடும்பத்துக்கும் பெரிய சண்ட. கடைக்காரரு சொல்றாரு, எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான், யாரு வந்தாலும் அரிசி தரேன். நியாயம்தான். ஆனா மூணாவது மாடி ஆளுங்க லிஃப்ட்டையும் படிக்கட்டையும் மறிச்சுட்டு நிக்கறாங்க, ஒம்பதாவது மாடியால கீழயே வர முடியல. இப்ப கடைக்காரரு யாருக்கு விக்கறாரு? மூணாவது மாடிக்கு மட்டும்தான், அவரு யாரையும் ஒதுக்கல, ஆனா வியாபாரம் ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு. கொஞ்ச நாள்ல மூணாவது மாடிக்கு காசு தீந்து போய் கணக்கு நோட்டுல எழுதிக்குங்கண்ணேன்னு கேக்கறாங்க, எழுதறாரு, நோட்டு ரொம்புது. இப்ப மூணாவது மாடி தோத்து வீட்ட காலி பண்ணிட்டு போனா அந்த கடன் என்னாகும்? அவரு வாயால எதுவும் சொல்லல ஆனா அவரு நோட்டு ஏற்கனவே ஒரு பக்கம் சேந்தாச்சு. ஒம்பதாவது மாடிக்காரன் மேல இருந்து பாக்கறான், அவன் கண்ணுக்கு கடைக்காரரும் எதிரிதான்.

அப்படியே நடந்துச்சு. பிரிட்டன் கடற்படை வட கடல மறிச்சு ஜெர்மனிக்கு போற சரக்க நிறுத்திடுச்சு. அமெரிக்க கப்பலயும் நிறுத்தி சோதனை போட்டாங்க, வில்சன் கோவமா கடிதம் எழுதினாரு, ஆனா அதுக்கு மேல போகல. அமெரிக்காவோட வியாபாரம் பிரிட்டன் பிரான்ஸ் பக்கம் மலை மாதிரி ஏறிச்சு, ஜெர்மனி பக்கம் கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாம போச்சு. ஜே.பி. மோர்கன் வங்கிதான் பிரிட்டனுக்கு அமெரிக்கால கொள்முதல் ஏஜண்ட். 1915 அக்டோபர்ல பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் சேத்து 50 கோடி டாலர் கடன் குடுத்தாங்க, போருக்குள்ள போறதுக்கு முன்னாடியே மொத்த கடன் 200 கோடி டாலர தாண்டிடுச்சு, ஜெர்மனிக்கு குடுத்தது அதுல ஒரு துளி.

இத முன்னாடியே பாத்த ஒரு மனுஷன் இருந்தாரு, வெளியுறவு மந்திரி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். சண்ட போடறவனுக்கு ஆயுதம் குடுக்கறதவிட பணம் குடுக்கறதுதான் மோசம், ஏன்னா பணம் இருந்தா மிச்சது எல்லாம் தானா வரும்னு 1914லயே வில்சன்கிட்ட சொல்லி கடன தடுத்து வச்சிருந்தாரு. அது கொஞ்சம் கொஞ்சமா தளந்து போச்சு. இந்த மொத்த கதையில எனக்கு ரொம்ப மரியாதை அவர் மேலதான்.

ஜெர்மனி பக்கமும் பாக்கணும், அங்க ஜனங்க பசில கெடந்தாங்க. மேல கடல் பூரா பிரிட்டன் கையில, அவங்ககிட்ட இருந்தது நீர்மூழ்கி. அதுல ஒரு சிக்கல் இருக்கு. பிரிட்டன் அமெரிக்க கப்பல நிறுத்தினா சரக்கு போகும், உயிர் போகாது. நீர்மூழ்கி அடிச்சா ஆளுங்க சாவாங்க. ரெண்டு பேருமே நடுநிலைய மீறறாங்க, ஆனா ஒருத்தர் பண்றதுக்கு நஷ்டஈடு கேக்கலாம், இன்னொருத்தர் பண்றதுக்கு என்ன கேக்கறது? 1915 மே 7ல அயர்லாந்து பக்கத்துல லூசிடானியாங்கற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல ஜெர்மன் நீர்மூழ்கி அடிச்சுது, 18 நிமிஷத்துல முழுகிடுச்சு, கிட்டத்தட்ட 1,200 பேரு செத்தாங்க, அதுல 128 பேரு அமெரிக்கங்க. அந்த கப்பல்ல துப்பாக்கி தோட்டாவும் ஏத்தியிருந்தாங்க, பிரிட்டிஷ் கப்பல்ல ஏறாதீங்கன்னு ஜெர்மன் தூதரகம் அமெரிக்க பேப்பர்லயே விளம்பரம் குடுத்திருந்துச்சு. சண்ட போடற நாட்டு கப்பல்ல நம்ம ஆளுங்க போக வேணாம்னு சொல்லிடுவோம்னு பிரையன் கேட்டாரு. வில்சன் ஒத்துக்கல, எங்க ஜனங்களுக்கு கடல்ல போற உரிமை இருக்கு, ஒரு உயிர் போனாலும் ஜெர்மனி பதில் சொல்லணும்னு கடிதம் எழுதினாரு. ஜூன்ல பிரையன் பதவிய விட்டு போயிட்டாரு.

இந்த இடத்துல பொண்ணு கேட்டா, "வில்சன் சொன்னது நியாயம்தானப்பா?" நியாயம்தான்மா. ஆனா அந்த கடிதத்தோட ஒரு விஷயம் கை மாறிடுச்சு. அமெரிக்கா போருக்கு போகுதா இல்லையாங்கறத இனிமே வாஷிங்டன் முடிவு பண்ணல, கடலுக்கடில பெரிஸ்கோப்ல பாத்துட்டு இருக்கற ஏதோ ஒரு ஜெர்மன் கேப்டன் முடிவு பண்ணுவான். நீ இத செஞ்சா நான் வருவேன்னு ஒரு கோடு கிழிச்சாச்சுன்னா அந்த கோட்ட தாண்டறவன் கையிலதான் நம்ம சாவி.

1916ல ஜெர்மனி கொஞ்சம் அடங்குச்சு, எச்சரிக்கை இல்லாம அடிக்க மாட்டோம்னு வாக்கு குடுத்தாங்க. அந்த வருஷம் நவம்பர் தேர்தல்ல வில்சன் ஜெயிச்சதே இவரு நம்மள போருக்கு வெளிய வச்சிருந்தாருங்கற பிரசாரத்துலதான். ஆனா ஜெர்மனிக்குள்ள வேற கணக்கு ஓடுது. 1917 ஜனவரில தளபதிங்க உக்காந்து, எல்லா கப்பலயும் அடிச்சா அஞ்சு மாசத்துல பிரிட்டன் மண்டி போடும், அமெரிக்கா வரும்தான், ஆனா அவன் படை கடல தாண்டி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்னு முடிவு பண்றாங்க. ஒதுங்கி நிக்கறவன் உள்ள வருவான்னு தெரிஞ்சே எடுத்த முடிவு! ஏற்கனவே அமெரிக்காவோட பணமும் சரக்கும் எதிரி பக்கம்தான் போகுது, அவன் உள்ள வந்தா இன்னும் புதுசா என்ன பண்ணிடப் போறான்னு அவங்க நெனச்சிருக்கணும். நோட்டு ஒரு பக்கம் சாஞ்சதோட வெல இதுதான்.

பிப்ரவரி 1ல இருந்து கண்ணுல பட்ட கப்பல எல்லாம் அடிக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி ஜனவரிலயே ஜெர்மன் வெளியுறவு மந்திரி சிம்மர்மன் மெக்சிகோவுக்கு ரகசிய தந்தி அடிக்கிறாரு, அமெரிக்கா போருக்கு வந்தா நீங்க எங்ககூட சேருங்க, டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவ திரும்ப புடிக்க உதவறோம்னு. கொடுமை என்னன்னா சமாதானம் பேசறதுக்காக ஜெர்மனிக்கு வில்சனே விட்டுக்குடுத்த அமெரிக்க தந்தி லைன் வழியா அது போச்சு. பிரிட்டிஷ் உளவு ஆளுங்க நடுவுல புடிச்சு சங்கேதத்த உடைச்சு அமெரிக்காகிட்ட குடுத்தாங்க, மார்ச் 1ல பேப்பர்ல வந்துச்சு. இது பிரிட்டன் கட்டி விட்ட பொய்னு நிறைய பேரு சொன்னாங்க, ரெண்டு நாள்ல சிம்மர்மனே நான்தான் அனுப்பினேன்னு ஒத்துக்கிட்டாரு. அது வரைக்கும் ஐரோப்பா சண்ட நமக்கெதுக்குன்னு இருந்த டெக்சாஸ்காரனுக்கு இப்ப அது சொந்த வீட்டு சண்ட. மார்ச்ல அமெரிக்க கப்பல் வரிசையா முழுகுது, ஏப்ரல் 2ல வில்சன் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்கிட்ட போறாரு, செனட்ல 82க்கு 6, கீழ்சபைல 373க்கு 50. வேணாம்னு ஓட்டு போட்டவங்கள்ல காங்கிரஸோட முதல் பெண் உறுப்பினர் ஜெனட் ராங்கினும் ஒருத்தர், அவங்க பதவிக்கு வந்தே சில நாள்தான் ஆச்சு. போர் முடியறப்ப செத்த அமெரிக்க வீரருங்க 1,16,000க்கு மேல, பாதிக்கு மேல நோயில.

வித்ததால மாட்டின கதை இது. விக்க மாட்டேன்னு சொன்னதாலயும் மாட்டலாம், அதுதான் நம்ம தாத்தா பாட்டி தலைல விழுந்தது. 1930கள்ல அமெரிக்கா பழைய பாடத்த வச்சு சட்டமே போட்டுச்சு, சண்ட போடற நாட்டுக்கு ஆயுதம் கிடையாது, கடன் கிடையாது. அப்புறம் ஒவ்வொண்ணா தளத்துனாங்க, 1941 மார்ச்ல பிரிட்டனுக்கு ஆயுதத்த கடனாவே தர சட்டம் வந்துச்சு. ஜப்பான் பக்கம் தலைகீழ். ஜப்பானுக்கு எண்ணெய்ல பெரும்பங்கு அமெரிக்கால இருந்துதான் போச்சு, அந்த எண்ணெய்லதான் சீனால சண்ட போட்டுட்டு இருந்தாங்க. 1941 ஜூலைல ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள்ள வந்ததும் அமெரிக்கா பணத்த முடக்கி எண்ணெய நிறுத்திடுச்சு. நிறுத்தினது சரிதான், தொடர்ந்து ஊத்திட்டு இருந்திருந்தா அதுவும் ஒரு பக்கம் சேர்றதுதான். ஜப்பான் வேற எண்ணெய்க்கு டச்சுக்காரங்க கையில இருந்த சுமத்ரா, போர்னியோவ பாத்துச்சு, வழில சிங்கப்பூர். டிசம்பர் 8 விடியறதுக்கு முன்னாடி நம்ம ஊர் மேல குண்டு விழுந்துச்சு. மலாயாவோட கோத்தா பாருல ஜப்பான் படை எறங்கினது, ஹவாய்ல இருந்த அமெரிக்க கடற்படைத் தளம் பேர்ல் ஹார்பர அவங்க அடிச்சதுக்கும் ஒரு மணி நேரம் முன்னாடி.

அதே நாள் தாய்லாந்துக்குள்ளயும் வந்துட்டாங்க. அதுவும் நடுநிலைன்னு சொன்ன நாடு. சில மணி நேரம் சண்ட போட்டு பாத்துட்டு வழி விட்டாங்க, டிசம்பர் 21ல ஜப்பானோட கூட்டணி, ஜனவரி 25ல பிரிட்டன் அமெரிக்கா மேல போர் அறிவிப்பு. ஒன்றரை மாசத்துல எங்க இருந்து எங்க! அந்த வழில ஜப்பான்காரங்க போட்டதுதான் 415 கிலோமீட்டர் சயாம் (தாய்லாந்தோட பழைய பேரு) மரண ரயில், மலாயா தோட்டங்கள்ல இருந்து கூட்டிட்டு போன நம்ம தமிழாளுங்க எத்தனையோ ஆயிரம் பேரு அங்கயே செத்தாங்க, பேரு எழுதி வைக்க கூட ஆளில்லாம.

கடைசி வரைக்கும் வெளிய நின்னவங்களும் உண்டு, ஆனா சும்மா நிக்கல. ஸ்வீடன் ஜெர்மனிக்கு இரும்புத்தாது வித்துச்சு, கொஞ்ச காலம் ஜெர்மன் வீரருங்கள தன்னோட ரயில்ல போக விட்டுச்சு. சுவிட்சர்லாந்து ஊரெல்லாம் ஆயுதத்தோட நின்னுச்சு, அப்பயும் 1944ல அமெரிக்க விமானம் தப்பா ஷாஃப்ஹவுசன் நகரத்து மேல குண்டு போட்டு 40 பேரு செத்தாங்க. இப்பவும் இது நிக்கல, 2023 டிசம்பர் கடைசில செங்கடல்ல ஏவுகணை பட்ட கண்டெய்னர் கப்பல் ஒண்ணு பறக்க விட்டிருந்தது சிங்கப்பூர் கொடி.

இவ்வளவும் பேசி முடிச்சப்ப பொண்ணு ஒர்க்‌ஷீட்ல எழுதின 1917 ஏப்ரல் 6 மேல கோடு போட்டுட்டா. 1915 அக்டோபர்னு எழுதறேன்பா, கடன் குடுத்த நாள்தான்னா. இல்லம்மா அது முன்னாடியே போச்சு, 1914 நவம்பர்ல பிரிட்டன் வட கடலயே போர்ப்பகுதின்னு அறிவிச்சப்ப அமெரிக்கா எதிர்த்து எதுவும் சொல்லாம விட்டுதே, அன்னைக்குன்னு நான் சொன்னேன். பாத்திரம் கழுவிட்டு இருந்த என் மனைவி அங்கருந்தே, ரெண்டும் இல்ல, பிரையன் கெளம்பி போன அன்னைக்குன்னா. பொண்ணு மூணு தேதியும் எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஏன்னு எழுத எடம் விட்டு, மறுபடி பேனாவ தொறந்தா.